கூண்டுக்குள் ஓர் ஓலைப்பந்து

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்புக்கு 'வீணான பொருளில் விளையாட்டுப் பொருள்' என்று ஒரு செயல்பாடு கொடுத்தேன். மறுநாள் தீப்பெட்டி ரயில், பாட்டில் மூடி வண்டி, தேங்காய்ச் சிரட்டைத் தராசு என்று மேசை நிரம்பிவிட்டது. ஒரு மாணவன் மட்டும் வேறு மாதிரி செய்து வந்திருந்தான். பாட்டில் மூடிகளுக்குச் சிவப்பும் நீலமும் பெயிண்ட் அடித்து, கம்பளி நூலில் கோத்து, நுனியில் பழைய கொலுசுச் சலங்கை ஒன்றைக் கட்டியிருந்தான்.

"இது யாருக்குப்பா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு லவ் பேர்ட்ஸுக்கு டீச்சர். அதுக்கு விளையாட ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் தனக்கென்று செய்தபோது ஒருவன் பறவைக்கென்று செய்திருக்கிறானே என்று மகிழ்ந்து, வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அந்த மாதக் கண்காட்சியில் முதல் வரிசையில் வைத்தேன்.

கண்காட்சி முடிந்து பொம்மை வீட்டுக்குப் போன நான்காம் நாள், காலை வணக்கக் கூட்டம் கலைந்ததும் அவன் என் அருகில் வந்து நின்றான். "நூலு பிரிஞ்சு கால்ல சுத்திக்கிடுச்சு டீச்சர். ராத்திரி யாரும் பாக்கல. காலையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கைதட்டச் சொன்னவள் நான். அந்தப் பொம்மையை ஒருமுறை கையில் எடுத்து இழுத்துக்கூடப் பார்க்காதவளும் நான்தான். என் கண்ணுக்கு அழகாக இருந்தது, பாராட்டிவிட்டேன். அந்தப் பறவையின் கால் எப்படி இருக்கும், அலகு என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதன்பின் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், படித்தும், வீடுகளில் பறவை வளர்க்கும் மாணவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தும் கற்றுக்கொண்டதை ஆசிரியத் தோழர்களோடு பகிரவே இக்கட்டுரை. நம் வகுப்புகளில் பறவை வளர்க்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

முதலில், எந்தப் பறவை?

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் சிறு கிளிகளில் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியக் கிளிகள். உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பட்ஜெரிகரை 1840ஆம் ஆண்டு ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகெங்கும் வீட்டுக் கூண்டுகளுக்குப் பரவியது. இன்று கடைகளில் கிடைப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. காக்கடீல், வரிக்குருவி போன்ற ஃபின்ச் வகைகளும் அப்படியே.

நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியின் நிலை வேறு. பச்சைக்கிளி, சில்லை, மலைமைனா போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "யார் வீட்டில் என்ன பறவை இருக்கிறது?" என்று வகுப்பில் கேட்டபோது ஒரு மாணவி உற்சாகமாக "பச்சைக்கிளி" என்றாள். எல்லோர் முன்னிலும் அவளைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அப்பாவிடம் தனியே எடுத்துச் சொன்னேன். "அப்ப கூண்டத் திறந்து விட்டுர்றேன் டீச்சர்" என்றார். அதுவும் தவறு. இறகு வெட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கூண்டில் இருந்த கிளி வெளியே வந்தால் காக்கைக்கோ பூனைக்கோதான் இரையாகும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. இரண்டு வாரம் யோசித்துவிட்டு வனச்சரக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எனவே பொம்மை செய்யும் முன் வகுப்பில் முதலில் பேசவேண்டியது இதைத்தான். கூண்டுப் பறவைக்குப் பொம்மை செய்யக் கற்றுத் தருவது, புதிதாக ஒரு பறவையைக் கூண்டில் அடைக்க ஊக்கப்படுத்துவதாக ஆகிவிடக் கூடாது. ஏற்கெனவே கூண்டில் இருப்பதற்கு நம்மால் ஆன உதவி என்ற அளவிலேயே இதைச் செய்கிறோம்.

பறவைக்கு விளையாட்டு எதற்கு?

பட்ஜெரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கு அவை கூட்டம் கூட்டமாகப் பறந்து புல்விதையையும் நீரையும் தேடி அலைகின்றன. விடிந்தது முதல் தேடுவது, உரிப்பது, கொறிப்பது என்று பொழுது போகிறது. கூண்டில் நாம் என்ன செய்கிறோம்? கிண்ணம் நிறையத் தினையைக் கொட்டி வைக்கிறோம். சில நிமிடத்தில் தின்றுவிடுகிறது. மீதிப் பகல் முழுவதும் அதற்கு வேலையில்லை.

வேலையில்லாத அலகு சும்மா இருக்காது. கம்பியைக் கடிக்கும். தன் இறகையே பிடுங்கும். ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அல்லது ஓயாமல் கத்தும். இறகு பிடுங்குவதற்கு நோயும் காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும். நோய் இல்லை என்றால், பெரும்பாலும் சலிப்பும் தனிமையும்தான். வகுப்பில் முதலில் எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறோமே, அதே கதை.

ஆகவே நல்ல பறவைப் பொம்மை ஒரு வேலையைத் தரவேண்டும். கடிக்க, கிழிக்க, உரிக்க, தேட, ஏற ஏதாவது இருக்கவேண்டும். சில நாளில் அது கந்தலாகிவிட்டால் பொம்மை வெற்றி என்று பொருள்.

அதன் உடலிலிருந்து தொடங்குவோம்

இப்போது நான் பொம்மை செய்யச் சொல்வதற்கு முன் மாணவர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

அலகு எப்படி இருக்கிறது? கீழ்நோக்கி வளைந்த கொக்கி போல இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டவும் பிளாஸ்டிக்கைப் பெயர்க்கவும் அதனால் முடியும். கையில்லாத பறவை எதையும் வாயில் வைத்துத்தான் அறிகிறது. எனவே பொம்மையின் ஒவ்வொரு பகுதியும் ஒருநாள் வாய்க்குள் போகும் என்றே கொள்ளவேண்டும்.

கால் எப்படி இருக்கிறது? இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. பற்றி ஏற ஏற்ற கால். அதே காரணத்தால் நூலிலும் இடுக்கிலும் எளிதில் மாட்டிக்கொள்ளும் கால்.

எடை எவ்வளவு? சுமார் 30 முதல் 40 கிராம். 35 கிலோ எடையுள்ள ஒரு மாணவர், 35 கிராம் பறவையைவிட ஆயிரம் மடங்கு பெரியவர். நமக்கு ஒன்றும் செய்யாத ஒரு துணுக்கு பெயிண்ட் அதற்கு எவ்வளவு பெரிய நஞ்சு என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எப்படிச் சுவாசிக்கிறது? நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்த மிகத் திறமையான சுவாச அமைப்பு பறவைக்கு உண்டு. காற்றில் உள்ள நஞ்சும் அதே வேகத்தில் உள்ளே போகும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறிய 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். பெயிண்ட் வாடை, கொசுவத்திப் புகை, அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் சட்டியின் புகை ஆகியவை கூண்டின் பக்கமே வரக்கூடாது.

கண் எப்படி? நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. பட்ஜெரிகருக்கு நான்கு வகை. நாம் காணாத புற ஊதா ஒளியையும் அது காண்கிறது. நம் கண்ணுக்கு வெறும் பழுப்பாகத் தெரியும் ஓலையும் இலையும் அதன் கண்ணுக்கு எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

இந்த ஐந்துக்கும் விடை சொன்ன பிறகு, எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

சேர்க்கக் கூடாதவை

கம்பளி நூல், தையல் நூல், நைலான் கயிறு: பிரிந்து காலிலும் கழுத்திலும் சுற்றும். விழுங்கினால் தீனிப்பையில் அடைத்துக்கொள்ளும்.

கொலுசுச் சலங்கை: அதன் கீறலில் விரலோ அலகோ சிக்கும்.

பெயிண்ட், நகப்பூச்சு, ஜிகினா: வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதி வந்தது. ஆனால் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டப்பா எந்த ஆண்டினது என்று பிள்ளைக்குத் தெரியாது. மேலும், ஈயம் இல்லாத பெயிண்டும் தின்னும் பொருளன்று.

துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பி, பற்றவைத்த உலோகத் துண்டு: துத்தநாகமும் ஈயமும் பறவைக்கு நஞ்சு. கம்பி வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மட்டும்.

ரப்பர் பேண்டு, தெர்மாகோல், ஸ்பாஞ்சு, ஸ்டேப்ளர் பின், பலூன் துண்டு: இவை எல்லாம் விழுங்கும் அளவில் பெயர்ந்து வரக்கூடியவை.

அரளி, எருக்கு, ஆமணக்கு ஆகியவற்றின் குச்சி, இலை, விதை: இவை நச்சுச் செடிகள் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். நகரப் பிள்ளைகளுக்கு நாம் காட்டிக் கொடுக்கவேண்டும்.

வளையங்களுக்கு ஒரு விதி உண்டு. தலை நுழையவே முடியாத அளவு சிறியதாக இருக்கவேண்டும், அல்லது உடல் முழுதும் தடையின்றிப் புகுந்து வரும் அளவு பெரியதாக இருக்கவேண்டும். இடைப்பட்ட அளவுதான் ஆபத்து. தொங்கும் நாருக்கும் ஒரு விதி: பறவையின் கழுத்தைச் சுற்றிவரும் நீளம் இருந்தால் அது அதிக நீளம். வெட்டிவிடவேண்டும்.

நாம் செய்த நான்கு பொம்மைகள்

1. ஓலைப்பந்து. எங்கள் பக்கம் பனை நிறைய உண்டு. பனங்குருத்து ஓலையிலோ தென்னங்கீற்றிலோ பந்து பின்னுவது பாட்டிகள் கைவந்த கலை. ஈர்க்கை முழுதும் நீக்கிவிடவேண்டும், அதன் நுனி குத்தும். ஓலையைக் கழுவி, நனைத்துப் பதமாக்கிப் பின்னவேண்டும். பின்னி முடிக்கும் முன் உள்ளே ஒரு சிட்டிகை தினையும் சிறு காகிதச் சுருளும் வைத்தால் போதும். விதை இருப்பது தெரிந்ததும் பறவை நாள் முழுதும் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும். பெட்டி முடைவதற்கென்று சாயம் போட்ட ஓலையை மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

2. சிரட்டைத் தேடல் தட்டு. பாதிச் சிரட்டையின் நாரைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்கவேண்டும். உள்ளே சுத்தமான மக்காச்சோளக் கதிரின் உலர்ந்த தோல், அச்சில்லாத காகிதக் கீற்றுகள் இவற்றை நிரப்பி, நடுவே தினையையும் சாமையையும் தூவித் தரையில் வைத்தால் கோழி கிளறுவது போலக் கிளறும். முழுச் சிரட்டையில் ஓட்டை போட்டுத் தொங்கவிட வேண்டாம். பட்ஜெரிகர் மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. இருட்டான பொந்து கிடைத்தால் பெட்டை அதைக் கூடாக எடுத்துக்கொண்டு முட்டையிடத் தொடங்கிவிடும்.

3. கொய்யாக்கிளை ஊஞ்சல். மருந்தடிக்காத கொய்யா மரத்துக் கிளையில் ஒரு சாண் துண்டு போதும். மாணவரின் சுண்டுவிரல் தடிமன் முதல் நடுவிரல் தடிமன் வரை இருக்கலாம். பட்டையை உரிக்க வேண்டாம், அதை உரிப்பதே பறவைக்கு வேலை. ஒரே தடிமனுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் எப்போதும் நின்றால் பாதத்தில் புண் வரும். கிளையின் மேடுபள்ளம் காலுக்கு நல்லது. நார்க்கட்டில் பின்னும் விறைப்பான பனைநாரை இருபுறமும் கட்டித் தொங்கவிடலாம். நார் பிசிறு விட்டதும் மாற்றிவிடவேண்டும்.

4. மிட்டாய்ப் பொட்டலம். இது முதல் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடியது. அச்சில்லாத வெள்ளைத்தாளை உள்ளங்கை அளவு வெட்டி, சில தினை மணிகளை வைத்து, மிட்டாய் போல இரு பக்கமும் முறுக்கவேண்டும். பசை, நூல், பின் எதுவும் தேவையில்லை. அப்படியே கூண்டுக்கம்பிகளுக்கு இடையில் செருகிவிடலாம்.

வண்ணம் வேண்டாமா?

வேண்டும். பிள்ளைகள் வண்ணம் கேட்பார்கள், பறவையும் வண்ணத்தைக் காணும். அடுப்படியிலும் வேலியிலும் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். விரலி மஞ்சளை வீட்டில் இடித்துக் கொதிக்கவைத்தால் மஞ்சள். பீட்ரூட் துருவிப் பிழிந்தால் சிவப்பு. நீலச் சங்குப்பூவின் இதழை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா. மஞ்சளை மட்டும் கடைத்தூளாக வாங்க வேண்டாம். நிறத்துக்காக ஈயம் கலந்த கலப்படத் தூள் பிடிபட்ட செய்திகளை நாம் அறிவோம். சங்குப்பூவில் இதழ் மட்டும்தான், விதை சேரக்கூடாது.

காகிதத்தில் இந்த நிறங்கள் நன்றாக ஏறும். ஓலையில் லேசாகத்தான் ஏறும், வெயிலில் வெளிறியும் போகும். "பெயிண்ட் மாதிரி பளிச்சுன்னு இல்லயே டீச்சர்" என்று ஏமாற்றத்தோடு சொல்வார்கள். "பெயிண்டைத் தின்ன முடியாது, இதைத் தின்னலாம்" என்பது என் பதில். நனைத்த காகிதமும் ஓலையும் முழுதும் உலர்ந்த பிறகே கூண்டுக்குள் போகவேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

கொடுக்கும் முறை

புதுப்பொருளைக் கண்டால் பறவை அஞ்சும். முதலில் ஓரிரு நாள் கூண்டுக்கு வெளியே கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் பிறகு உள்ளே வைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் யாராவது அருகில் இருந்து பார்க்கவேண்டும். முதல் சில இரவுகள் வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று போதும். கூண்டை அடைத்தால் சிறகு விரிக்க இடமிருக்காது. வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி வைத்தால் பழையதும் புதிதாகத் தெரியும். எச்சம் பட்ட காகிதத்தையும் ஓலையையும் எறிந்துவிடவேண்டும்.

பிள்ளைகளின் நலமும் முக்கியம். உலர்ந்த எச்சத்தின் தூசு வழியாகக் கிளிக்காய்ச்சல் என்னும் பாக்டீரியா நோய் மனிதருக்கும் வரலாம். கூண்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும், பின் சோப்புப் போட்டுக் கை கழுவவும் சொல்லித் தருவோம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பறவையைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். பொம்மை மட்டும் வந்து போகட்டும்.

வகுப்பறையில்

இது கைவேலை வகுப்போடு முடிவதன்று. தொடக்க வகுப்பில் விதைகளை எண்ணிப் பொட்டலம் மடிப்பது எண்ணறிவுக்கும் விரல்களின் நுண்ணசைவுக்கும் பயிற்சி. உயர்தொடக்க வகுப்பில் எடை விகிதம் கணக்கு. அமிலமும் காரமும் நடத்தும்போது சங்குப்பூச் சாறும் மஞ்சளும் ஆளுக்கொரு கிண்ணத்தில் நிறங்காட்டிகளாக நிற்கும். மஞ்சளில் சுண்ணாம்பு நீர் பட்டுச் சிவப்பதைப் பார்ப்பதோடு சரி, அந்தச் சாயம் பொம்மைக்குப் போகக்கூடாது. தமிழ்ப் பாடவேளையில் 'ஓலைப்பந்து பின்னுவது எப்படி?' என்று படிப்படியாக எழுதச் சொல்லலாம். ஒருவர் எழுதியதை வைத்து இன்னொருவர் செய்து பார்க்கும்போது எந்தப் படி விடுபட்டது என்று எழுதியவருக்கே தெரியும்.

பறவை இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். அவர்கள் நண்பருக்காகச் செய்வார்கள். அல்லது சிரட்டையில் நீர் நிரப்பி ஜன்னல் ஓரத்தில் வைத்து, வரும் குருவியையும் மைனாவையும் பார்த்துக் குறிப்பெழுதுவார்கள். என் வகுப்பில் இரண்டாவது குழுதான் இப்போது பெரியது.

தொடக்கத்தில் சொன்ன மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அந்தப் பறவை இறந்தபின் மிஞ்சிய ஒற்றைப் பறவையை, ஜோடிகள் வளர்க்கும் தன் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். அவன் வேறு வாங்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை, ஒவ்வொரு முறை பொம்மை செய்யும்போதும் அவனே சோதனையாளன். ஒவ்வொன்றையும் கையில் எடுப்பான். இழுப்பான், முறுக்குவான், நகத்தால் சுரண்டுவான், இடுக்குகளில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பான். பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவான்.

ஒருமுறை நான் பின்னிய ஓலைப்பந்தை மேசைமேல் வைத்துவிட்டு வருகைப்பதிவேட்டைத் திறந்தேன். அவன் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், இத இழுத்துப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எழுந்துபோய் இழுத்துப் பார்த்தேன். ஒரு கீற்று கையோடு வந்தது.